பானெட்டுக்குள் ஸ்டெப்னி! கோழியால் வந்த சீட்டு! தெரியுமா உங்களுக்கு?

பானெட்டைத் திறந்தால் என்ன இருக்கும்? இன்ஜின். ஸ்டெப்னி எங்கே இருக்கும்? டிக்கியில். இல்லையென்றால் வண்டிக்கு அடியில். அதுவும் இல்லையென்றால் பின்கதவில். சரிதானே?

தப்பு! 1970-களிலும் 80-களிலும் வந்த சுபாரு லியோனே ஸ்டேஷன் வேகனின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். இன்ஜினுக்கு மேலேயே ஸ்டெப்னி ஜம்மென்று படுத்திருக்கும்! அங்கே எப்படி இடம் கிடைத்தது? இந்த இன்ஜினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஏறி இறங்காது. இடமும் வலமுமாகப் படுத்தபடியே ஓடும்! அதனால் இன்ஜின் தட்டையாக, தாழ்வாக இருக்கும். மேலே காலி இடம்! டயரை அங்கே போட்டுவிட்டு டிக்கியை முழுக்கச் சாமானுக்கு விட்டுவிட்டார்கள்.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வேகன்களை வாங்கி, பிரித்து, பழுது பார்த்து, உயர்த்தி, இஷ்டப்படி மாற்றுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களின் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் ஆச்சரியத்துக்குப் பஞ்சமே இல்லை. வாருங்கள்!

இந்த லியோனேவுக்கு நாலு சக்கர இழுவை வந்த கதை தெரியுமா? கார் கம்பெனி உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது என்றா நினைக்கிறீர்கள்? இல்லை! கேட்டவர்கள் கரண்ட்காரர்கள்!

ஜப்பானின் வடகிழக்கில் தோஹோகு பகுதி. குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்க்கும். மலைமேல் மின்கம்பிகளைப் பார்த்துவர லைன்மேன்கள் ஜீப்பில் போவார்கள். ஜீப் ஏறிவிடும். உள்ளே இருக்கும் ஆள்தான் விறைத்துப் போவார்! "பனியிலும் ஏற வேண்டும், காருக்குள் இருப்பதுபோலக் கதகதப்பாகவும் இருக்க வேண்டும், அப்படி ஒரு வண்டி உண்டா?" என்று தோஹோகு மின் நிறுவனம் கேட்டது. மியாகி மாநிலத்து சுபாரு டீலர்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்சக்கரம் மட்டும் இழுக்கும் ஒரு சுபாரு வேகனை எடுத்தார்கள். போட்டிக் கம்பெனியான நிஸ்ஸானின் புளூபேர்ட் காரிலிருந்து பின் ஆக்ஸிலை எடுத்து அதில் மாட்டிவிட்டார்கள்! ஆமாம், எதிராளியின் ஆக்ஸில்!

1971-இல் அந்த வண்டி டோக்கியோ மோட்டார் கண்காட்சியிலேயே நின்றது. 1972 செப்டம்பரில் லியோனே ஃபோர் வீல் டிரைவ் வேகன் விற்பனைக்கு வந்துவிட்டது! ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி இன்னொரு வண்டியில் பொருத்தும் வித்தையில் பிறந்த வண்டி இது. இன்று இதை வைத்திருப்பவர்கள் அதே வித்தையைத்தான் செய்கிறார்கள், வேறென்ன!

சுபாருவின் பூர்விகம் விமானம், தெரியுமா? 1917-இல் தொடங்கிய நகாஜிமா விமானக் கம்பெனிதான் அதன் முன்னோர். போர் முடிந்ததும் விமானம் கட்டத் தடை! கையில் மிஞ்சியதோ குண்டுவீச்சு விமானங்களின் பின்சக்கரங்கள். அவற்றை மாட்டி 1946-இல் ஸ்கூட்டர் செய்துவிட்டார்கள்! பெயர்? ராபிட்! குண்டு போட்ட சக்கரம் முயலாக ஓடியது!

கிரில்லில் இருக்கும் ஆறு நட்சத்திரம் எது என்று நினைக்கிறீர்கள்? நம்முடைய கார்த்திகைக் கூட்டமேதான்! இருங்கள், இன்னும் இருக்கிறது. 80-களின் தொடக்கத்தில் வந்த சில மாடல்களில் அந்த நட்சத்திரச் சின்னத்தை ஒதுக்கினால் பின்னால் என்ன தெரியுமா? நடு கிரில்லில் மூன்றாவதாக ஒரு ஹெட்லைட்! நெற்றிக்கண்! அது உடையாமல் வேலை செய்யும் வண்டி கிடைத்தால் பழைய சுபாரு பிரியர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

இப்போது ஸ்பானரைக் கையில் எடுப்போம். 0.3 மில்லிமீட்டர் என்பது எவ்வளவு? தலைமுடி நாலைந்தை அடுக்கினால் அவ்வளவுதான்! அந்த 0.3 மில்லிமீட்டர்தான் பழைய சுபாருக்காரர்களின் பெரிய அதிர்ஷ்டம்! எப்படி?

லியோனேவின் சக்கரத்துக்கு நாலே நாலு போல்ட். அந்த நாலும் 140 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கும். இந்த அளவில் வேறு வண்டிகளின் வீல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கம்பெனி தந்ததோ சின்னஞ்சிறு 13 அங்குல வீல். சேற்றுக்கும் பாறைக்கும் அது போதுமா? போதவே போதாது! ஆனால் டொயோட்டா ஹைலக்ஸ், பழைய லேண்ட் குரூசர் போன்ற முரட்டு வண்டிகளின் ஆறு போல்ட் வீல் இருக்கிறதே, அதன் வட்டம் எவ்வளவு? 139.7 மில்லிமீட்டர்! கிட்டத்தட்ட அதே வட்டம்!

அதைவிட வேடிக்கை, ஆறு துளைக்காக ஆறையும் போட வேண்டியதில்லை! பழைய நாலு துளைகளில் எதிரெதிரே இருக்கும் இரண்டு அப்படியே பொருந்திவிடும். புதிதாக நாலு துளை போட்டால் போதும்! சின்ன வேகன் லாரி வீலோடு கிளம்பிவிடும்! வண்டியைச் செய்த கம்பெனிக்காரர்களுக்கே இப்படி ஒரு பொருத்தம் இருப்பது தெரிந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெரிய வீல் போட்டால் மட்கார்டில் இடிக்குமே? இடிக்கும்! அதனால் உடம்பைத் தூக்குகிறார்கள். சதுர இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, உடம்புக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவில் வைத்து, நீள போல்ட் போட்டு முறுக்கினால் வண்டி 2 முதல் 4 அங்குலம் எழும்பிவிடும்! அப்புறம்தான் தெரியும், ஸ்டியரிங் ராடு எட்டவில்லை என்று. அதையும் நீட்டி வெல்டு வைப்பார்கள்!

இன்ஜினையே மாற்றலாம் தெரியுமா? பழைய லியோனேவின் 1.8 லிட்டர் இன்ஜினுக்குச் சுமார் 90 குதிரைத்திறன். பின்னால் வந்த லெகசி காரின் 2.2 லிட்டருக்குச் சுமார் 130! நடுவில் ஓர் இரும்புத் தகடு வைத்தால் புது இன்ஜின் பழைய கியர்பாக்ஸோடு கைகோத்துக்கொள்ளும்! அடேங்கப்பா!

கார் பட்டறையில் மிக்கி மவுஸுக்கு என்ன வேலை? அந்த 1.8 இன்ஜினில் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். புதிதாக வாங்கியவர் இன்ஜின் போச்சு என்று பதறுவார். விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்! பல வண்டிகளில் வியாதி ஆயில் பம்புக்குள் இருக்கும் ஒரு ரப்பர் சீல்தான். ஒரு பெரிய வட்டம், மேலே காது போல வளைவுகள். அதனால் அதன் பட்டறைப் பெயரே மிக்கி மவுஸ்! சின்ன ரப்பர் மாற்றினால் சத்தம் மாயம்!

அதே இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் ஒன்று அல்ல, இரண்டு! நடுவழியில் அறுந்தால் சில கார்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே நாசம். இதில்? ஒன்றும் ஆகாது! மோதாதபடி இடைவெளி இருக்கிறது. அதனால் வேறு பெல்ட்டை டிக்கியில் போட்டுக்கொண்டு, மூடிகளைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டு, ரோட்டோரத்திலேயே மாற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு!

80-களின் சுபாரு கம்ப்யூட்டர் கண் சிமிட்டிப் பேசும், தெரியுமா? ஸ்கேனரும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம்! பெட்டியில் ஒரு குட்டி விளக்கு. நீளமாகச் சிமிட்டினால் பத்து, சட்டென்று சிமிட்டினால் ஒன்று. மூன்று நீளம், இரண்டு குட்டை என்றால் 32! புத்தகத்தைப் புரட்டினால் எந்த சென்சார் படுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்!

ஏற்றத்தில் நிறுத்திய காரை எடுக்கும்போது பின்னால் உருளுமே என்ற பயம் உங்களுக்கு உண்டா? அந்தக் கால சுபாரு பலவற்றில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும், கிளட்சை மிதித்திருக்கும்வரை பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டிருக்கும்! எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. கிளட்சிலிருந்து ஒரு கேபிள், அவ்வளவுதான்!

இது தெரியுமா? பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பலவற்றில் காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர இழுவையைப் போடவே கூடாது! வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், பின்சக்கரங்கள் குறைந்த தூரம். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன! மண்ணில் சக்கரம் சறுக்கிச் சமாளித்துவிடும். தாரில்? முறுக்கு ஏறி ஏறி, கியர் லீவரே வெளியே வராது! அப்படி மாட்டிக்கொண்ட வண்டியில் ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கினால், அது படாரென்று தானே சுழன்று முறுக்கை விடும். கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்!

ஆற்றைக் கடந்த பிறகு ஆக்ஸிலுக்குள் தண்ணீர் எப்படிப் புகுகிறது? ஓட்டையா? இல்லை! ஓடி ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் உறிஞ்சும்! சீல் வழியாகத் தண்ணீரை வண்டியே குடித்துவிடும்! மறுநாள் ஆயில் பால் காப்பி நிறத்தில் வரும். மருந்து? ஆக்ஸிலின் மூச்சுத் துளையில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, பானெட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட வேண்டியதுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பளபள பம்பர் மாட்டுகிறவர்கள் இந்த டியூபை மறப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை வேண்டுமென்றே வெல்டு வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்! ஏன்? ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் இன்னொன்று இழுக்க வேண்டுமே! காட்டுக்குச் சரி. தார் ரோட்டு வளைவில் டயர் கீச்சிட்டு அழும். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு இது வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, கோழிக்கு வருவோம். கோழிக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

1960-களில் அமெரிக்கக் கோழி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் கோழிக்கு வரி போட்டன. அமெரிக்காவுக்குக் கோபம்! பதிலுக்கு 1964 முதல் வெளிநாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி! லியோனே வேகனை அடிப்படையாக வைத்து பிராட் என்ற குட்டி பிக்கப்பைச் செய்த சுபாரு மாட்டிக்கொண்டது. என்ன செய்தார்கள்? சாமான் ஏற்றும் திறந்த தொட்டியில் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட்டுகளை வைத்துவிட்டார்கள்! சீட் இருந்தால் அது பயணிகள் கார்! வரி சொற்பம்! கூரை இல்லாத தொட்டியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும்! இந்த வண்டியை வைத்திருந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ரொனால்டு ரீகன்! கலிஃபோர்னியாவில் அவருடைய மலைப்பண்ணையில் 1978 மாடல் பிராட் நின்றது!

வரிக்காகக் குட்டிக்கரணம் போட்டது ஜப்பான்காரர்கள் மட்டுமா? பிரிட்டனில் அந்தக் காலத்தில் 12 பேர் உட்காரும் வண்டிக்குப் பஸ் என்று பெயர். அப்போது பஸ்ஸுக்கு விற்பனை வரி கிடையாது! விடுவார்களா? 1962-இல் நாலரை மீட்டர்கூட நீளமில்லாத லேண்ட்ரோவர் ஸ்டேஷன் வேகனுக்குள் 12 சீட்டைத் திணித்தார்கள்! முழங்கால் என்ன ஆனால் என்ன, வரி மிச்சம்!

அதே வரி ஒரு வேகனைக் கொன்றும் இருக்கிறது! 1948-இல் டிக்ஃபோர்ட் என்ற கம்பெனி மரச்சட்டத்தில் உடம்பு கட்டி அழகான லேண்ட்ரோவர் ஸ்டேஷன் வேகன் செய்தது. பண்ணை வண்டியான சாதா லேண்ட்ரோவருக்கு வரி கிடையாது. இதற்கு உண்டு! மொத்தம் 700-ஐக்கூடத் தொடாமல் படுத்துவிட்டது. இன்று அப்படி ஒன்று பழைய கொட்டகையில் கிடைத்தால் அடித்தது யோகம்!

லேண்ட்ரோவரின் முதல் மாதிரி வண்டிக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம்? இடமா, வலமா? இரண்டும் இல்லை! நட்டநடுவில்! டிராக்டர் மாதிரி! அந்த அசல் வண்டி எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது!

அதன் உடம்பு ஏன் அலுமினியம்? அழகுக்காகவா? போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புக்கு ரேஷன்! அலுமினியக் கலவை கிடைத்தது, போட்டார்கள். முதல் வண்டிகளின் வெளிர்பச்சை நிறம்கூட விமானத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்! அலுமினியம் துருப்பிடிக்காது என்று சந்தோஷப்பட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பாவம்! சேஸிஸ் இரும்புதானே! அது துருப்பிடிக்கும். போதாததற்கு, இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்! அதனால் உடம்பைத் தூக்கி வைத்துவிட்டு, துத்தநாகம் பூசிய புத்தம்புதுச் சேஸிஸை அடியில் தள்ளுகிறார்கள். வண்டி பழசு, முதுகெலும்பு புதுசு!

மரமே இல்லாத மரவண்டி தெரியுமா? அமெரிக்காவின் ஜீப் வேகனியர். 1963 மாடலில் தொடங்கி 1991 மாடல் வரை கிட்டத்தட்ட அதே உடம்பு! இரண்டு பக்கமும் மரப்பலகை பதித்தது போல இருக்கும். தட்டிப் பாருங்கள், தகரம்! மேலே ஒட்டியிருப்பது வினைல் ஸ்டிக்கர்! அந்த ஸ்டிக்கரை அசல் மாதிரியே திரும்ப ஒட்டுவதற்குப் படும் பாடு இருக்கிறதே, இன்ஜின் வேலையே தேவலாம். (எனக்கென்னவோ ஸ்டிக்கர் இல்லாத வேகனியர்தான் அழகு. ரசிகர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும்.)

அதன் தாத்தா 1946-இல் வந்த வில்லிஸ் ஸ்டேஷன் வேகன். அந்தக் காலத்தில் ஸ்டேஷன் வேகன் என்றாலே மரப்பெட்டி. இதுவோ முழுக்க இரும்பு! வளைவு நெளிவு அதிகம் இல்லாத தகடுகள். ஏன்? கார் உடம்பு செய்யும் ஆலைகளுக்கு நேரமில்லை; வீட்டுச் சாமான் செய்யும் தகரக் கம்பெனிகளே அடித்துத் தந்தன! இன்றைய டிங்கரிங்காரருக்கு அது எவ்வளவு சௌகரியம்!

ஒரு ஜீப்பை முழுக்கப் பிரித்து, திரும்பப் பூட்டி, ஓட்டிச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாரம்? ஒரு நாள்? கனடா ராணுவத்தின் மெக்கானிக் குழு மைதானத்தில் வைத்துச் செய்து காட்டும். 4 நிமிடத்துக்குள்! டீ ஆறுவதற்குள் ஜீப் ரெடி!

ரேஞ்ச் ரோவரின் புகழ்பெற்ற வி8 இன்ஜின் பிரிட்டிஷ் என்று நினைத்தீர்களா? அமெரிக்காவின் பியூக் கம்பெனி மூன்றே ஆண்டு ஓட்டிவிட்டு வேண்டாம் என்று கைவிட்ட அலுமினிய இன்ஜின் அது! ரோவர் 1965-இல் உரிமையை வாங்கி 30 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியது! 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரின் உட்புறத்தைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். அதே வண்டி பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு நின்றது! சேற்றுக்கும் சரி, அருங்காட்சியகத்துக்கும் சரி!

பழசு ஓடாது என்று யார் சொன்னது? ஜெர்மானியர் குந்தர் ஹோல்டோர்ஃப் 1988 மாடல் மெர்சிடிஸ் ஜி-வேகனில் 26 ஆண்டுகள் உலகம் சுற்றினார். எவ்வளவு தூரம்? 8 லட்சத்து 80 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்! நிலாவுக்குப் போய்த் திரும்பினாலே 7 லட்சத்து 69 ஆயிரம்தான்! பெரும்பாலான ரிப்பேரையும் அவரே பார்த்துக்கொண்டார். வண்டிக்குப் பெயர் ஓட்டோ. இப்போது மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் ஓய்வு! சுவிட்சர்லாந்தின் எமில் ஷ்மிட், லிலியானா தம்பதி 1982 மாடல் லேண்ட் குரூசர் வேகனில் 1984-இல் கிளம்பினார்கள். 180-க்கும் மேற்பட்ட நாடுகள், 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல்! கின்னஸ் சாதனை!

இலங்கையில் 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டிருந்தது, நினைவிருக்கிறதா? விளைவு? வாங்கிய விலையைவிட விற்கும் விலை அதிகம்! பழைய வண்டியை ஓட வைக்கத் தெரிந்தவர் கை ஓங்கியது!

இந்தியாவில் ஜாக்கிரதை! பதிவுப் புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஸ்பானரை எடுக்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்!

டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங் என்ற ஊர் தெரியுமா? தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுச்சென்ற 1950-களின் லேண்ட்ரோவர்கள் அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்குப் பயணிகளை ஏற்றிப்போய்ப் பிழைப்பு நடத்தியிருக்கின்றன! பானெட்டைத் திறந்தால் பலவற்றில் மஹிந்திரா டீசல் இன்ஜின்! ஆங்கிலேய உடம்பு, இந்திய இதயம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேலே போனால் எவரெஸ்ட்டும் கஞ்சன்ஜங்காவும் சேர்ந்தே தெரியும்!

கடைசியாக ஒன்று. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட்ரோவர் ஸ்டேஷன் வேகன்களில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். எங்கே? சிங்கப்பூருக்கு! தரைவழியாக! 1956 மார்ச்சில் போய்ச் சேர்ந்தே விட்டார்கள்! அந்த இரண்டு வண்டிகளும் பிறகு என்ன ஆயின? கேம்பிரிட்ஜ் என்று பெயரிட்டது வேறொரு பயணத்தில் ஈரானில் பள்ளத்தில் உருண்டது. ஆக்ஸ்ஃபோர்டு? அட்லாண்டிக் நடுவே, நெப்போலியன் சிறையிருந்து இறந்த செயின்ட் ஹெலினா தீவில் பல ஆண்டுகள் துருவேறிக் கிடந்தது! 2017-இல் கப்பலில் கொண்டுவந்து, பிரித்துப் பூட்டி, ஓட வைத்தார்கள்.

2019-இல் அதே வண்டியை சிங்கப்பூரில் நிறுத்தி, பழைய பயணத்தைத் திருப்பிப் போட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு! முதல் பயணத்தில் போன டிம் ஸ்லெசருக்கு அப்போது வயது 87. அவரும் கிளம்பத் தயார்! கடைசி நேரத்தில் உடம்புக்கு முடியவில்லை. அவருடைய இடத்தில் ஏறியது யார் தெரியுமா? பேரன்! ஆகஸ்டில் கிளம்பிய 64 வயது வண்டி டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. தாத்தா போன வழி, பேரன் திரும்பிய வழி, வண்டி அதே வண்டி!